எந்தப் பைத்தான்? டெபியன் தொகுப்பு முறையும் நெல்லை மாணவர் கணினியும்

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, அக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. அம்பாசமுத்திரத்து மாணவி ஒருத்தி அதில் ‘பைத்தான்’ என்று தட்டினால் அந்த நிரல்மொழியின் எந்தப் பதிப்பு எழுந்து வரும் என்பதை டெபியன் தொகுப்பாளர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். 2019-20 முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் கற்பிப்பது பைத்தான் 3. டெபியன் 10 வரை அந்தச் சொல்லுக்கு உரியதோ பைத்தான் 2. ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால் பாடநூல்படி 3.5 வர வேண்டும். பழையது 3 என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். பிழைச் செய்திகூட வராது.

பல பதிப்புகளை ஒன்றாகக் குடிவைக்கும் சிக்கல் பைத்தான் 3-உடன் பிறந்ததல்ல. 2002-இல் வந்த டெபியன் 3.0-இலேயே 1.5, 2.1, 2.2 மூன்றும் இருந்தன. நிறுவும் மென்பொருள் தொகுப்பின் பெயரிலேயே பதிப்பு எண்ணைச் சேர்த்தார்கள். வெறும் ‘பைத்தான்’ என்பது இயல்புப் பதிப்பைக் கைகாட்டும் பலகை மட்டுமே. மொழிக்கு இது போதும். நூலகங்களுக்குப் போதவில்லை. ஒரே நூலகத்தைப் பதிப்புக்கு ஒன்றாகத் தொகுத்து மாளவில்லை.

டெபியனின் 2007 ‘எட்ச்’ வெளியீட்டுக் காலத்தில் இந்தச் சுமையைக் குறைக்கப் பைத்தான்-சென்ட்ரல், பைத்தான்-சப்போர்ட் என இரு கருவிகள் போட்டியிட்டன. மூலக்கோப்பு ஓரிடத்தில் இருக்கும்; ஒவ்வொரு பதிப்பின் அடைவிலிருந்தும் அதற்கு இணைப்பு போடப்படும். தாமிரபரணித் தண்ணீர் நதியுண்ணி, கன்னடியன் என்று அணைக்கு அணை பிரிந்து தனித்தனிக் காலில் ஓடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்தக் கால்களை நிறுவும்போதுதான் வெட்ட வேண்டியிருந்தது. மேம்படுத்தும் வேலை பாதியில் இருக்கையில் நூலகமே காணாமல் போகும்.

இவ்வளவு சுற்றும் எதற்காக? பைத்தான், நிரலிலிருந்து தான் தொகுக்கும் இடைநிலை வடிவமான பைட்குறியை மூலக்கோப்பின் பக்கத்திலேயே, பதிப்பு எண் இல்லாத பெயரில் வைத்தது. இரு பதிப்புகள் ஓரடைவைப் பகிர்ந்தால் ஒன்றின் கோப்பை மற்றது அழித்தெழுதும். உபுண்டுவில் பணியாற்றிய பாரி வார்சா 2010-இல் முன்வைத்த திட்டத்தின்படி, 2011-இன் பைத்தான் 3.2 இக்கோப்புகளைத் தனி உள்ளடைவில், பெயரில் பதிப்பு எண்ணோடு வைக்கத் தொடங்கியது. என் கணிப்பில் இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுதான்: தொகுப்பாளர்கள் பத்தாண்டு போராடியும் தீராதது மொழியே இறங்கிவந்தபின் தீர்ந்தது.

தமிழருக்குப் பைத்தான் 2-இலிருந்து 3-க்கான மாற்றம் வெறும் எண் மாற்றமல்ல. ‘நெல்லை’ என்ற சொல்லின் நீளத்தை யுடிஎஃப்-8 முனையத்தில் கேட்டால் பைத்தான் 2 பைட்டுகளை எண்ணி 18 என்னும். பைத்தான் 3 குறியீட்டுப் புள்ளிகளை எண்ணி 6 என்னும். நமக்கு மூன்றே எழுத்து. இந்த மூன்றை எண்ணித் தரும் ஓப்பன்-தமிழ் நூலகம் இரண்டு பைத்தானிலும் ஓடும்படி எழுதப்பட்டது.

2020 ஜனவரி 1-இல் பைத்தான் 2-க்கான ஆதரவு நின்றது. 2021-இன் டெபியன் 11-இல் வெறும் ‘பைத்தான்’ கட்டளை இயல்பாக வருவதில்லை. வேண்டுமென்றால் அதற்கெனத் தனித் தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம். 2023-இன் டெபியன் 12 இன்னும் கறார்: இயங்குதளத்தின் பைத்தானில், நூலகங்களை நிறுவும் கருவியான பிப் கைவைக்க முயன்றால் மறுத்து, மெய்நிகர்ச் சூழலுக்குப் போகச் சொல்கிறது.

ஆய்வகம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் நாளிலிருந்தே கட்டளையை ‘பைத்தான்3’ என்று எண்ணோடு தட்டப் பழக்குங்கள்.