இற்றைப்படுத்தாத கைத்தொலைபேசி திறந்த வாசலுக்கு ஒப்பானது

1990களில் தொலைபேசி வசதியோ மின்சாரமோ இல்லாதிருந்த வன்னிப் பெருநிலப்பரப்பில், புலம்பெயர்ந்த பிள்ளையின் குரலைக் கேட்பதற்குப் பெற்றோர் பலர் வவுனியா வரை பயணம் செய்ய வேண்டியிருந்தது. இன்று கிளிநொச்சி மாவட்டத்தின் கண்டாவளை, தருமபுரம், முரசுமோட்டை போன்ற ஊர்களில் அந்தக் குரல் வட்ஸ்அப் வழியாக வீட்டு முற்றத்துக்கே வந்து சேருகின்றது. காணி உறுதியின் பிரதி, வங்கிக் கணக்கு இலக்கம், காணாமல் ஆக்கப்பட்டோர் தொடர்பான ஆவணங்கள் ஆகியனவும் அவ்வழியாகவே பரிமாறப்படுகின்றன. கண்காணிப்பின் நிழலில் வாழ்ந்த அனுபவம் தமிழ், முஸ்லிம் மக்களுக்குப் புதிதல்ல. எனவே, இவ்வழி எந்தளவுக்குப் பாதுகாப்பானது என்பதை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

வட்ஸ்அப் நிறுவனம் 2016 ஏப்ரலில் முனைக்கு முனை மறைகுறியாக்கத்தைத் தனது பயனர்கள் அனைவருக்கும் நடைமுறைப்படுத்தியது. அனுப்புபவரின் தொலைபேசியில் பூட்டப்படும் செய்தி, பெறுபவரின் தொலைபேசியிலேயே திறக்கப்படும். இடையில் அதனை நிறுவனத்தாலும் வாசிக்க முடியாது. ஆனால், இப்பாதுகாப்பு செய்தியின் பயணத்துக்கு மட்டுமே உரியது. தொலைபேசிக்குள்ளேயே வேவு மென்பொருள் புகுந்துவிடின், உரிமையாளர் வாசிப்பவை யாவற்றையும் அதுவும் வாசிக்கும்.

2019இல் இதுவே நிகழ்ந்தது. வட்ஸ்அப்பின் அழைப்புகளைக் கையாளும் பகுதியில் நினைவக வழு ஒன்று இருந்தது. விசேடமாக வடிவமைக்கப்பட்ட தரவுகளை ஓர் அழைப்பின் ஊடாக அனுப்பி, அழைக்கப்பட்டவர் பதிலளிக்காத நிலையிலும் அவரது தொலைபேசியில் வேவு மென்பொருளை நிறுவ முடிந்தது. இஸ்ரேலின் என்.எஸ்.ஓ. நிறுவனத்தின் பெகாசஸ் மென்பொருளே இவ்வாறு பயன்படுத்தப்பட்டது. உலகெங்கும் சுமார் 1,400 பேர் இலக்கு வைக்கப்பட்டனர். இந்தியாவின் ஊடகவியலாளர்களும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் அவர்களுள் அடங்குவர். வட்ஸ்அப் தொடுத்த வழக்கில், 2025 மே மாதம் அமெரிக்க நடுவர் குழு ஏறத்தாழ 16.8 கோடி டொலர் இழப்பீடு விதித்தது. ஒக்டோபரில் நீதிபதி அத்தொகையைச் சுமார் 40 இலட்சம் டொலராகக் குறைத்தாராயினும், வட்ஸ்அப் பயனர்களை இலக்கு வைக்க அந்நிறுவனத்துக்கு நிரந்தரத் தடை விதித்தார்.

இங்கு மறைகுறியாக்கம் உடைக்கப்படவில்லை என்பது கவனத்திற்குரியது. பூட்டு உறுதியாகவே இருந்தது; சுவரில் வெடிப்பு இருந்தது. 2019 மே மாதத்திலேயே திருத்தப்பட்ட பதிப்பு வெளியிடப்பட்டு, அதனை உடனே நிறுவிக்கொள்ளுமாறு பயனர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஆனால், திருத்தம் வெளிவந்த கணத்திலேயே எவரும் பாதுகாப்படைவதில்லை. ஒவ்வொருவரும் தத்தமது தொலைபேசியை இற்றைப்படுத்தும்போதுதான், அதாவது ‘அப்டேட்’ செய்யும்போதுதான், அத்திருத்தம் பயன்தருகின்றது.

இப்பாடம் சாதாரண மக்களுக்கு மட்டும் உரியதல்ல. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் மென்பொருளின் தாக்குதலுக்கு உள்ளானது. ஏறத்தாழ 5,000 கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. அங்கு பயன்பாட்டிலிருந்த மென்பொருள் காலாவதியான 2013ஆம் ஆண்டுப் பதிப்பாகும். நிதிப் பற்றாக்குறையால் அதனைப் புதுப்பிக்கும் பணி தாமதித்ததாகக் காரணம் கூறப்பட்டது. ஒத்திவைக்கப்பட்ட செலவு பன்மடங்கு இழப்பாகத் திரும்பியது.

ஆகவே பயனர்கள் சில நடைமுறைகளைப் பின்பற்றுதல் வேண்டும். வட்ஸ்அப்பை மட்டுமன்றித் தொலைபேசியின் இயங்குதளத்தையும் தவறாது இற்றைப்படுத்த வேண்டும். இளைஞரிடையே பரவலாகவுள்ள ‘ஜிபி வட்ஸ்அப்’ போன்ற அதிகாரபூர்வமற்ற பதிப்புகளுக்கு மூல நிறுவனத்தின் திருத்தங்கள் கிடைப்பதில்லை. அவற்றைத் தவிர்ப்பதே நன்று. இரு படிநிலைச் சரிபார்ப்பைச் செயற்படுத்துவதுடன், குறுஞ்செய்தியாக வரும் ஆறு இலக்கக் குறியீட்டை எவருக்கும், உறவினரென்று கூறிக் கேட்போருக்கும் கூட, வழங்கலாகாது. ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியில் அறிமுகமற்ற கணினி எதுவும் காணப்படின் உடனடியாக நீக்க வேண்டும். இணையத்தில் சேமிக்கப்படும் உரையாடற் பிரதிகளுக்கான மறைகுறியாக்கத்தைப் பயனரே தெரிவுசெய்ய வேண்டும் என்பதும் பலர் அறியாத விடயமாகும்.

எனினும், முழுப் பொறுப்பையும் மக்கள் தலையில் சுமத்திவிட முடியாது. வெளிநாட்டு உறவினர் கைமாற்றிய பழைய தொலைபேசிகளுக்கு இயங்குதளத் திருத்தங்கள் வருவதே நின்றுபோயிருக்கலாம். நாட்கூலியை நம்பி வாழ்வோர் இணையத் தரவுக்கான பணத்தையும் எண்ணியே செலவிடுகின்றனர். 2006இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புக் குழுவின் எச்சரிக்கைகள், இம்மக்களுக்கு விளங்கும் தமிழில் காலந்தாழ்த்தாது கிராமங்களைச் சென்றடைய வேண்டும். பிரதேச செயலகங்களும் பாடசாலைகளும் பொது நூலகங்களும் கோவில், பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதற்குத் துணைநிற்கலாம். தொலைபேசியை இற்றைப்படுத்த இலவச இணைய வசதியை நூலகங்களில் ஏற்படுத்துவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

பல்லாண்டுகள் தொடர்பறுந்து வாழ்ந்த மக்களுக்கு இன்று கிட்டியுள்ள இவ்வசதி விலைமதிப்பற்றது. அதனைக் கைவிடுவது பாதுகாப்பாகாது. பழுது கண்டவுடன் திருத்திக்கொள்வதே பாதுகாப்பாகும்.