சங்கையும் விடையும்: தங்கவயலின் ‘தமிழன்’ வாசகர்கள்



சானமாவிலிருந்து கோலார் தங்கவயல் அதிக தொலைவில்லை. இடையில் ஒரு மாநில எல்லை வருகிறது, அவ்வளவுதான். ஓசூரில் தொழிற்பேட்டை வருவதற்கு வெகுகாலம் முன்பே, தமிழ் மாவட்டங்களிலிருந்து அந்தச் சுரங்கங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். அவர்கள் தங்கம் வெட்டிய கதையை நாம் அறிவோம். மேலே ஏறி வந்து பத்திரிகை படித்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். ஓராண்டில் அது ‘தமிழன்’ ஆனது. தங்கவயலின் மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. இதழுக்கு வாசகர்களும் இருந்தார்கள். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது அக்கால வழக்கம். கேட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. சாதி எப்படி வந்தது, இந்தப் பண்டிகையை நாம் ஏன் கொண்டாடுகிறோம், பௌத்தம் என்ன சொல்கிறது என்ற ஐயங்கள் இதழுக்குப் போயின. அந்நாள் வழக்கில் அவை ‘சங்கை’. பண்டிதர் விடை எழுதினார்.

புதிதாக ஒரு மார்க்கத்துக்கு வருகிறவரிடம் முதலில் நம்பிக்கையைக் கேட்பதே உலக வழக்கம். பௌத்தத்தின் காலாம சூத்திரமோ மரபு என்பதற்காகவும், சொல்பவர் குரு என்பதற்காகவும் எதையும் ஏற்காதே என்கிறது. சுரங்கத் தொழிலாளி புதிய அறிவுக்குள் கேள்வியோடு நுழைய அங்கே இடம் இருந்தது.

பண்டிதரும் அப்படித்தான் வந்தார். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், சிவன், விஷ்ணு கோயில்களுக்குள் எங்கள் மக்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். அவை உங்கள் குலத்துக்கான தெய்வங்கள் அல்ல என்று பதில் வந்தது. அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம். இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கொடுங்கள் என்றார். அந்தக் கேள்வியால் சபை எதையும் கற்றதாகத் தெரியவில்லை. கேட்டவர் கற்றார். 1898இல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று பஞ்சசீலம் ஏற்றார்.

அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. இதைச் சொல்ல நாம் கூச வேண்டியதில்லை. சங்கை எழுதி அனுப்பிய வாசகரின் வரிசையில்தான் நாமும் நிற்கிறோம்.

இன்று கல்லூரி வகுப்பில் நம் பிள்ளை புரியாததைக் கேட்கத் தயங்குகிறது. மற்றவன் கேட்டால் அது ஆர்வம். இவள் கேட்டால் ‘கோட்டாவில் வந்தவள்’ என்று பெயர். ஆசிரியர் அறைகளில் இதைக் கூச்ச சுபாவம் என்பார்கள். கேள்விக்கு விதிக்கப்படும் அபராதம் என்பதே சரியான சொல். ஒரு பைசா கொடுத்து இதழ் வாங்கிய தொழிலாளிக்கு அந்த இதழுக்குள் இந்த அபராதம் இல்லை.

1914இல் பண்டிதர் மறைந்தார். சிறிது காலத்தில் இதழும் நின்றது. 1926இல் ஜி. அப்பாதுரையார் அதை மீண்டும் கொண்டுவந்தார். இம்முறை ‘தமிழன்’ வெளிவந்தது இராயப்பேட்டையிலிருந்து அல்ல, கோலார் தங்கவயலிலிருந்து.