காதால் பழகிய உடல்

1975 டிசம்பரில் சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் தலைமையுரை ஆற்றிய த. பாலசரஸ்வதி, பரதநாட்டியக் கச்சேரியில் உருப்படிகள் ஏன் இந்த வரிசையில் அமைந்தன என்று விளக்கினார். கோபுர வாசலில் நுழைந்து, மண்டபங்களைக் கடந்து, கருவறையை அடைவதற்கு அந்த வரிசையை அவர் ஒப்பிட்டதைப் பலரும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். கச்சேரியின் முதல் உருப்படியான அலாரிப்பைப் பற்றி அதே உரையில் அவர் சொன்னது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அலாரிப்பு ஆடுகிறவளின் உடலை இளக்குகிறது. உடல் இளகும்போது மனமும் இளகுகிறது. சிதறிக் கிடக்கும் கவனத்தை ஒன்றாகத் திரட்டும் ஆற்றல் தாளத்துக்கு உண்டு என்பது அவர் கருத்து. தஞ்சாவூரைத் தம் பெயரின் முதலெழுத்தாகவே தாங்கியிருந்தவர் அவர். தஞ்சை அரண்மனையில் ஆடிய பாப்பம்மாளின் வழிவந்தவர். சபையின் முன் வந்து நிற்கிறவளுக்குப் படபடப்பு இருக்கும் என்பதையும், அதை அறிவுரையால் தணிக்க முடியாது என்பதையும் ஆட்டத் தொழிலுக்குள் இருந்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். தம் உடல் எப்படித் தெரிகிறதோ என்ற கவலையிலேயே நடப்பதையும் ஓடுவதையும் ஆடுவதையும் பெண்கள் கைவிட்டுவிடும் இந்தக் காலத்தில், காவிரிப் படுகையின் ஆட்டத் தொழில் அந்தக் கவலையை எப்படிக் கையாண்டது என்பது ஆராயத் தக்க வரலாறு. என் வாதம் இதுதான்: அங்கே உடலைப் பழக்கியது காது. கண் பிறகே வந்தது. வரிசை மாறியபோது கவலையும் பெருகியது.

இதற்கு முதல் மறுப்பு பழைய நூல்களிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரம் காவிரி கடலோடு கலக்கும் புகார் நகரத்து மாதவியை அறிமுகப்படுத்தும்போது ஆட்டத்தோடும் பாட்டோடும் வனப்பையும் சேர்த்தே கேட்கிறது. ஐந்து வயதில் தொடங்கிய ஏழாண்டுப் பயிற்சிக்குப் பிறகு அவள் பெற்ற 1008 கழஞ்சுப் பொன்னில் அழகுக்கும் பங்கு இருந்தது. சமஸ்கிருத அபிநயதர்ப்பணம் இன்னும் வெளிப்படையானது. ஆடத் தகாதவர்கள் என்று அது பத்து வகையினரைத் தள்ளுகிறது. மிகப் பருத்தவள், மிக மெலிந்தவள், மிக உயர்ந்தவள், மிகக் குள்ளமானவள், முடி குறைந்தவள், தடித்த உதடுள்ளவள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே பெண்ணின் உடலை அளந்து பார்க்கும் பழக்கம் சினிமாவோடு வந்தது என்று யாராவது சொன்னால் அது பொய். ஆனால் நூல் விதிப்பதும் தொழில் நடப்பதும் ஒன்றல்ல. முதலாம் இராசராசன் பல ஊர்க் கோயில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட 400 ஆடல் மகளிரைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொண்டுவந்து குடியமர்த்தியபோது பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டைப் பாருங்கள். ஒவ்வொருத்திக்கும் பெயர், முன்பு அவள் இருந்த கோயில், இப்போது குடியிருக்கும் தெருவும் சிறகும் மனையும், ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று ஒரு பங்கு. அவள் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவளுக்கு அடுத்த உறவில் தகுதியுள்ளவள் அந்தப் பங்கைப் பெற வேண்டும். தகுதி என்ற நிபந்தனை இருக்கிறது. உருவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவளுக்குச் சோறு போட்டது அன்றன்றைக்குப் பார்க்கிறவர்களின் மெச்சுதல் அல்ல, படுகையின் வயல்களில் விளைந்த நெல். கணக்கில் எழுதி, மரக்காலால் அளந்து கொடுக்கப்பட்ட உரிமை அது.

இன்று நாம் அறிந்த பயிற்சி முறை உருவானது அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் காலத்தையொட்டி. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் அடவுகளை ஒழுங்கு செய்தார்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற மார்க்கத்துக்கு உருக்கொடுத்தார்கள். இந்த முறையில், ஆட்டம் கற்பிக்கும் நட்டுவனாரின் கருவிகள் மரக்கட்டையும் அதைத் தட்டும் தட்டுக்கழியும் அவருடைய குரலும்தான். பிள்ளைக்கு முதலில் வருவது தட்டடவு. முழங்காலை மடித்து அரைமண்டியில் இருந்து, கழியின் ஓசைக்குச் சரியாகப் பாதம் விழ வேண்டும். விழுந்ததா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள அவள் தன்னைப் பார்க்க வேண்டியதில்லை, காது சொல்லிவிடும். கழியும் காலும் ஒரே ஓசையாகக் கேட்டால் சரி, இரண்டாகக் கேட்டால் தவறு. அங்கே தவறு என்பது ஒரு நொடியின் பிசகு, அடுத்த தட்டிலேயே திருத்திக்கொள்ளக் கூடியது. தொடை பருமன், இடை அகலம் என்று அவளோடு வீட்டுக்கும் வந்து இரவெல்லாம் கூடவே இருக்கும் குறை அல்ல அது. பிறகு அதே அடவை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், செய்ய வேண்டும். முதற்காலத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் இடையில் மூச்சு விட இடம் இருக்கிறது. உடல் தயாரான பிறகே இரட்டிப்பு. அலாரிப்பும் இதே அறிவோடு கட்டப்பட்டது. எடுத்த எடுப்பில் குதிப்போ சுழற்சியோ கிடையாது. நேராக நின்று, கண், கழுத்து, தோள் என்று சிறிய அசைவுகளில் தொடங்கி, கைகால்களுக்கு விரிந்து, மண்டிக்கு இறங்குகிறது. பாட்டும் இல்லை, முகத்தில் காட்ட வேண்டிய பாவமும் இல்லை. அஞ்சி நிற்கும் ஒருத்தியிடம் முதலில் கேட்கப்படுவது மிகக் குறைவு. கேட்கப்படுவதும் எண்ணிக்கையால் ஆனது. எண்ணிக் கொண்டிருக்கும் மனத்தில் அச்சத்துக்கு இடம் சுருங்கிவிடுகிறது.

வயதும் உருவமும் இந்த முறையில் எங்கே நின்றன என்பதற்குப் படுகையிலேயே சான்று உண்டு. நாயக்க மன்னர் விஜயராகவரின் ஆதரவு பெற்ற க்ஷேத்ரய்யாவின் பதங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தக் குடும்பங்களில் ஆடப்பட்டன. பதத்தை உட்கார்ந்தபடியே அபிநயிக்கலாம். வேகமும் பாய்ச்சலும் தேவையில்லாத அந்த உருப்படியில் வயது ஏற ஏற மதிப்பும் ஏறியது. தஞ்சையை அடுத்த மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி ஆண்டுதோறும் நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் பிரகலாதனின் தாய் லீலாவதியாக வருகிறவர் ஓர் ஆண். அவருடைய உடற்கட்டு யாருக்கும் தடையாக இருந்ததில்லை. 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயிலத் தொடங்கியபோது முப்பதை ஒட்டிய வயது. குழந்தையாக இருக்கும்போதே வளைக்காத உடலைத் தட்டடவிலிருந்து பழக்க முடியும் என்று அந்த முதிய நட்டுவனார் காட்டினார். 1935-இல் அடையாற்றில் ருக்மிணி தேவி மேடையேறினார். பாலசரஸ்வதியோ ஏழு வயதில், 1925-இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். சத்யஜித் ராய் அவரைப் பற்றிய படத்தை 1976-இல் வெளியிட்டபோது அவருக்கு 58 வயது. அந்தப் படத்தில் கடற்கரைக் காற்றில் சேலை படபடக்க நின்று, கண்ணனை அழைக்கும் தாயாக அவர் ஆடுவதைப் பார்க்கிறவர்கள், அபிநயதர்ப்பணத்தின் பட்டியல் எவ்வளவு சிறியது என்பதை உணர்வார்கள். இளமையும் மெலிவும்தான் ஆட்டத்தின் தகுதி என்றால் அந்தப் படத்துக்கே பொருள் இல்லாமல் போய்விடும்.

காதை முந்திக் கண் வந்தது தஞ்சை அரண்மனையின் வீழ்ச்சிக்குப் பிறகு. 1855-இல் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இன்றி இறந்ததும் ஆங்கிலேயர் தஞ்சையை எடுத்துக்கொண்டார்கள். அரண்மனை ஆதரவு அறுந்தது. கலைஞர்களில் பலர் சென்னைக்குப் பெயர்ந்தார்கள். சபா மேடையும் டிக்கெட்டும் விளம்பரப் படமும் வந்தன. பின்னர் சினிமா. மயிலாடுதுறைப் பக்கத்து வழுவூரிலிருந்து வந்த இராமையா பிள்ளையின் மாணவி குமாரி கமலா 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் ஆடிய ஆட்டம் தமிழ்நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு பெண் பிள்ளைகளை நாட்டிய வகுப்புக்கு அனுப்பியது. அது பெரிய நன்மை. அதுவரை ஆட அனுமதிக்கப்படாத எத்தனையோ சிறுமிகளின் கால்கள் அவிழ்ந்தன. ஆனால் திரையில் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் அவர்கள் வகுப்புக்கு வந்தார்கள். பயிற்சிக்கூடங்களின் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஏறியது. இப்போது அதன் இடத்தில் கைப்பேசியும் வந்து நிற்கிறது. பெண்கள் தம் உடலை வெளியாள் ஒருவரின் கண்ணால் பார்க்கப் பழக்கப்படுகிறார்கள், அந்தப் பழக்கம் வெட்கத்தையும் பதற்றத்தையும் வளர்ப்பதோடு உடலுக்குள் நடப்பதை உணரும் திறனையும் மங்கச் செய்கிறது என்று பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி ஆன் ராபர்ட்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1997-இல் எழுதினார்கள். பசி, மூச்சு, களைப்பு, பாதத்தின் எடை ஆகியவற்றை உணரும் திறன்தான் ஆடுகிறவளின் மூலதனம். கண்ணாடி முன் அவள் முதலில் இழப்பது அதையே.

பழைய அமைப்பைப் புகழ்ந்து பேசுவது ஆபத்து என்று ஒருவர் சொன்னால், அவரோடு நான் உடன்படுகிறேன். மயிலாடுதுறையை அடுத்த மூவலூரின் இராமாமிர்தம் அம்மையார் தேவதாசிச் சமூகத்துக்குள்ளேயே வளர்ந்து, அந்த வாழ்க்கையின் கொடுமையை 1936-இல் நாவலாக எழுதினார். கோயிலுக்கென்று பொட்டுக்கட்டப்பட்ட பெண்ணின் உடல் மிராசுதார்களின் பார்வைக்கும் பணத்துக்கும் உட்பட்டுக் கிடந்தது. 1947-இன் சென்னை மாகாணச் சட்டம் அந்தக் கட்டை அறுத்தது, அறுத்திருக்கவே வேண்டும். தட்டுக்கழி கட்டையில் மட்டும் விழவில்லை என்பதும் உண்மை. காலில் பட்ட அடியின் நினைவோடு வளர்ந்த பிள்ளைகளும் உண்டு, அச்சத்தைத் தணிக்கும் முறைக்குள்ளேயே அச்சத்தை விதைத்த ஆசிரியர்களும் உண்டு. ஆனால் அடிமைப்படுத்தியது மானியமும் மிராசும் சாதியும் கட்டிய உறவு. முதற்காலத்திலிருந்து தொடங்குவதும், ஓசையால் திருத்துவதும், உடலை இளக்கி மனத்தை இளக்குவதும் அந்த உறவின் பகுதி அல்ல. அவை அந்தப் பெண்களும் நட்டுவனார்களும் உழைத்துத் திரட்டிய அறிவு. சட்டத்துக்குப் பிறகு அந்தப் பெண்களில் பெரும்பாலோர் மேடையை இழந்தார்கள். அவர்களின் அறிவில் அடவும் உருப்படியும் நம்மிடம் வந்தன, கற்பித்த விதம் முழுதாக வரவில்லை. அதை இழந்ததற்கு விடுதலையைக் குறை சொல்வது நியாயமாகாது.

இன்னொரு மறுப்பு ஆசிரியர்களிடமிருந்து வரும். ஆட்டம் பார்ப்பதற்குரிய கலை. முதுகு வளைந்ததா, முழங்கால் உள்ளே மடிகிறதா என்று கண்ணாடி காட்டாவிட்டால் மாணவி மூட்டைக் கெடுத்துக்கொள்வாள். முழங்கால் மீதான அக்கறை நியாயமானது. அரைமண்டியைத் தவறாக இருந்து பல ஆண்டுகள் தட்டினால் வலி நிச்சயம். ஆனால் அதைப் பார்க்க வேண்டியவர் ஆசிரியர். நட்டுவனார் எதிரே உட்கார்ந்திருந்தது அதற்காகத்தான். அவருடைய கண் முழங்காலைப் பார்த்தது. மாணவியின் கண் கை போன வழியே போனது. மேடைக்குப் போகிறவளுக்குக் கடைசிக் கட்டத்தில் கண்ணாடி உதவட்டும். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் நாற்பது வயதில், பிரசவத்துக்குப் பிறகு, மருத்துவர் உடற்பயிற்சி செய்யச் சொல்லி, ஆனால் யாராவது பார்ப்பார்களே என்று கூசிக்கொண்டு வீட்டுக்குள் இருக்கும் பெண்களில் எவருக்கும் அரங்கேற்றம் நோக்கமல்ல. அவர்களுக்கென்று மாலையில் ஒரு மணி நேரம் கோயில் மண்டபத்திலோ பள்ளிக்கூட அறையிலோ தட்டடவு வகுப்பு வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒரு கட்டை, ஒரு கழி, முதற்காலத்தில் சொல்லத் தெரிந்த ஓர் ஆசிரியர், முழங்கால் தாங்கும் அளவுக்கே இறங்கலாம் என்ற அனுமதி. படுகையின் ஊர்களில் நட்டுவாங்கம் அறிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் அரங்கேற்றத்துக்கு மட்டுமே போகிறோம்.