போர்முனைக்கு முந்திய தோட்டம்: சபரகமுவவும் பெண் நிருபர்களின் களமும்

போர் நிருபர் மேரி கொல்வின் 2001இல் அரச அனுமதியின்றி வன்னிக்குள் சென்றார். திரும்பும் வழியில், ஏப்ரல் 16ஆம் திகதி இரவு, இராணுவம் ஏவிய எறிகணை அவருடைய இடக்கண் பார்வையைப் பறித்தது. அந்தக் காயம் உலகத்தின் நினைவில் தங்கிவிட்டது. பொருளாதாரத் தடைக்குள் மருந்தும் உணவும் போதாமல் தவித்த சனங்களைப் பற்றி அவர் எழுதியது அந்த அளவுக்குத் தங்கவில்லை. பிபிசியின் இலங்கை நிருபராக இருந்த பிரான்சிஸ் ஹாரிசன் 2012இல் வெளியிட்ட நூலிலும் 2009 இறுதிப் போரில் உயிர்தப்பியவர்களின் வாக்குமூலங்களே மையம். படைநகர்வை விட்டுச் சனங்களின் வாழ்வைப் பின்தொடர்ந்த இவ்வழிமுறையை நான் பெரிதும் மதிக்கிறேன். அதைத் தோட்டம் வரை கொண்டுபோக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வன்னியில் ஷெல்லடிக்குள் அகப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் மலையகத்திலிருந்து ஏற்கெனவே விரட்டப்பட்டவர்கள். 1977 ஆகஸ்ட் வன்செயலில் லயங்கள் சூறையாடப்பட்டன. 1981 ஆகஸ்டில் சபரகமுவவின் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கம் மறுபடியும் அடி விழுந்தது; 1983 அதற்கடுத்து வந்தது. பிழைத்தவர்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். அவர்களைக் குடியேற்றிய காந்தீயம் அமைப்பின் டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும் 1983 ஏப்ரலில் கைதாகினர். ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். குடியேறியவர்களில் பலர் 1948 சட்டத்தால் குடியுரிமை பறிக்கப்பட்ட குடும்பத்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போரில் இடம்பெயர்ந்து முகாமில் நிற்பவரிடம் நிருபர் "எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டால் கடைசியாக இருந்த கிராமத்தின் பெயர்தான் வரும். "அதுக்கு முந்தி?" என்று கேட்டால்தான் தோட்டத்தின் பெயர் வரும்.

இரண்டு படைகள் மோதாத இடத்தைப் போர்க்களத்தோடு சேர்ப்பது சரியா என்ற மறுப்பு எழலாம். றப்பர்த் தோட்டத்தைப் போர்முனை என்று நான் சொல்லவில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மழைக்கு முன் பால் வெட்டி, வாளியோடு ஸ்டோருக்கு நடந்த பெண் எப்படி முல்லைத்தீவுக் கடற்கரை வரை தள்ளப்பட்டார் என்று விளக்காத போர்ச்செய்தி அரைகுறையானது என்கிறேன். அதற்கான சான்று தோட்டத்திலேயே இருந்தது: யாருக்கு முழுப் பேர் (முழுநாள் கூலி), யாருக்கு அரைப் பேர் என்று நாள்தோறும் குறிக்கப்பட்ட செக்ரோல். ஒரு குடும்பத்தின் பெயர்கள் எந்தத் திகதியோடு நின்றன என்பதைப் பார்த்தால் வெளியேறிய நாள் பிடிபடும். அப்பதிவு எஞ்சியிருக்கும் தோட்டங்களில் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

தோட்டத்துக்குள் போய் எழுதிய பெண் நமக்குப் புதியவரல்லர். 'தேசபக்தன்' இதழில் பணியாற்றிய மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாடியும் பேசியும், 1940இல் தம் பாடல்களை நூலாக்கியும் தொழிலாளரின் நிலையைப் பதிந்தார். கணவரும் தொழிற்சங்கத் தலைவருமான நடேசய்யரின் நிழலில் வைத்தே அவரைப் பேசும் வழக்கம் நம் இதழியல் வரலாற்றின் பெரிய குறை. தொழிலாளியின் பேச்சு மொழியிலேயே செய்தி சொன்ன அவர், வெளிநாட்டு நிருபருக்கு மொழிபெயர்ப்பாளர் வழியாக மட்டுமே கிட்டிய நெருக்கத்தை நேரடியாகப் பெற்றிருந்தார். இன்றைய மலையகப் பெண் செய்தியாளருக்கும் அந்த நெருக்கம் உண்டு. 1977இல் இருபது வயதில் பால் வெட்டியவர் இப்போது எழுபதை ஒட்டியிருக்கிறார். தமிழ்ப் பத்திரிகைகள் அவரிடம் நிருபரை அனுப்புவதை இன்னும் ஒத்திப்போடக் கூடாது.