கூரையற்ற மாளிகை: ஹைடல்பெர்க் கோட்டையின் ஒட்ஹைன்ரிஷ் கட்டடம்

தென்மேற்கு ஜெர்மனியில் நெக்கர் ஆற்றுக்கு மேலே, மலைச்சரிவில் அமைந்துள்ளது ஹைடல்பெர்க் கோட்டை. அதன் உள்முற்றத்தின் கிழக்குப் பக்கத்தில் சிற்பங்கள் செறிந்த ஒரு முகப்பு நிற்கிறது. அதன் மேல் கூரை இல்லை. மேல்தளங்களின் சன்னல்கள் வழியே வானம் தெரிகிறது. போரும் நெருப்பும் விட்டுச்சென்ற எச்சம் என்றே பலரும் இதைக் கருதுகிறார்கள். அந்தக் கருத்து பாதி உண்மைதான். ஒட்ஹைன்ரிஷ் மாளிகை பாழானது 17, 18ஆம் நூற்றாண்டுகளில். அது பாழடைந்த நிலையிலேயே காக்கப்பட வேண்டும் என்பது 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெடிய விவாதத்துக்குப் பின் எடுக்கப்பட்ட முடிவு. அந்த முடிவு சரியானது என்பதற்கான சான்றுகள் கட்டடத்தின் வரலாற்றிலேயே இருக்கின்றன.

பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஃபால்ட்ஸ் இளவரசராக ஒட்ஹைன்ரிஷ் பொறுப்பேற்றது 1556இல், இறந்தது 1559இல். அந்த மூன்றாண்டு ஆட்சியில் தம் நாட்டில் லூத்தரின் சமயச் சீர்திருத்தத்தைப் புகுத்தினார், நூல்களைச் சேர்த்தார், இந்த மாளிகையையும் தொடங்கினார். முழுத் திட்டத்தையும் வகுத்தவர் யார் என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. சிற்ப வேலைக்காக மெக்கலன் நகரத்து அலெக்சாண்டர் கோலினுடன் 1558இல் செய்துகொண்ட ஒப்பந்தம் மட்டும் உறுதியான ஆவணம். ஜெர்மானிய மறுமலர்ச்சிக் கட்டடக் கலையின் தொடக்ககாலப் படைப்புகளில் முதன்மையானதாக இந்த முகப்பு மதிக்கப்படுகிறது. அதில் 16 சிலைகள். கீழ்வரிசையில் யோசுவா, சிம்சோன், ஹெர்குலிஸ், தாவீது ஆகிய வீரர்கள்; அதற்கு மேல் வலிமை, நம்பிக்கை, அன்பு, எதிர்நோக்கு, நீதி ஆகிய நற்பண்புகள்; அவற்றுக்கும் மேல் சூரியனும் வியாழனும் உள்ளிட்ட கோள்தெய்வங்கள் ஏழு. வீரத்தில் வேரூன்றி, அறத்தால் நிலைபெற்று, வான்கோள்களின் கீழ் இயங்குவது ஆட்சி என்ற எண்ணத்தையே இந்த அடுக்குமுறை கல்லில் சொல்கிறது என்று கொள்ளலாம். ஒட்ஹைன்ரிஷ் இறந்தபின் பணியை நிறைவுசெய்தவர் அடுத்து ஆட்சிக்கு வந்த மூன்றாம் ஃபிரீட்ரிஷ். தேவாலயங்களில் உருவங்களை ஏற்காத கால்வினிய நெறிக்கு மாறிய அவரே, புறச்சமயத் தெய்வங்கள் நிற்கும் முகப்பைத் தம் அரண்மனையில் முடித்துவைத்தார். ஒரு கட்டடத்தை ஒரே மனிதரின் எண்ணமாகப் படிக்க முடியாது என்பதை அதன் தொடக்கமே காட்டிவிடுகிறது.

பின்வந்த காலம் இதை மேலும் உறுதிப்படுத்துகிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த படங்களில் முகப்பின் மேல் இரண்டு பெரிய முக்கோண முகடுகள் உயர்கின்றன. முப்பதாண்டுப் போருக்குப் பிந்தைய படங்களில் அவை இல்லை. வேறு வகைக் கூரை இருக்கிறது. 1689இலும் 1693இலும் பிரெஞ்சுப் படைகள் கோட்டையை எரித்தன, வெடிவைத்துத் தகர்த்தன. 1720இல் அரசவை மான்ஹைமுக்குப் பெயர்ந்தது. பின்னாளில் ஆண்ட ஃபால்ட்ஸ் இளவரசர் கார்ல் தியோடர் கோட்டைக்குத் திரும்ப எண்ணிச் சில பகுதிகளைச் சீரமைத்தார். 1764 ஜூனில் இடி விழுந்து மூண்ட நெருப்பு அந்த எண்ணத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பிறகு இடிபாட்டுக் கற்கள் பிற கட்டடங்களுக்குப் போயின. அந்தச் சூறையாடலை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் போராடியவர் 1810இல் இங்கு வந்த ஷார்ல் டி கிரேம்பெர்க் என்ற பிரெஞ்சுக்காரர் என்பது நன்றியோடு நினைக்கத்தக்கது.

1871இல் ஜெர்மானியப் பேரரசு உருவானபின், பிரெஞ்சுப் படைகள் அழித்ததை மீட்டெழுப்புவது நாட்டின் மானப்பிரச்சினையாகப் பேசப்பட்டது. ஆயினும் 1891இல் கூடிய வல்லுநர் குழு, மீட்டுக்கட்டுவதைத் தவிர்த்து இருப்பதைக் காக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதே பத்தாண்டின் இறுதியில் கட்டடக் கலைஞர் கார்ல் ஷேஃபர் அருகிலுள்ள ஃபிரீட்ரிஷ் மாளிகையைப் புதுப்பித்தார். அடுத்து ஒட்ஹைன்ரிஷ் மாளிகைக்கும் முகடுகளோடு கூரை எழுப்பத் திட்டம் வகுத்தார். 1901இல் கலை வரலாற்றறிஞர் கேயோர்க் டெஹியோ அதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். புதுப்பித்தல் பழமையின் தோற்றத்தை மட்டுமே தரும், காத்தலே கடமை என்பது அவர் வாதத்தின் சாரம்.

எதிர்த்தரப்பின் வாதங்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1902இல் வெட்ஸ்லார் நகரில் கிடைத்த ஓவிய ஏடு முகடுகளோடு கூடிய முகப்பைக் காட்டியது; இனி ஊகத்துக்கு இடமில்லை என்றனர் ஷேஃபரின் ஆதரவாளர்கள். ஆனால் அந்த ஓவியம் காட்டுவது கட்டடத்தின் வாழ்வில் ஒரு கட்டத்தை மட்டுமே. முகடுகளை மீட்டால், அவற்றுக்குப் பின் வந்த கூரையைப் பொய்யாக்க வேண்டிவரும். எந்த ஆண்டின் மாளிகை உண்மையானது என்ற கேள்விக்கு ஓவிய ஏட்டில் விடை இல்லை. கூரையில்லாச் சுவர் மழையிலும் பனியிலும் அரிக்கப்படும் என்ற இரண்டாம் வாதம் வலுவானது. மணற்கல் மென்மையானது என்பதும் மெய். ஆனால் சுவரைத் தாங்கி நிறுத்தவும் நீரை வடிக்கவும் வழிகள் உண்டு. அதற்காக மூன்று தளங்களையும் புதிதாய்க் கட்டத் தேவையில்லை. ஃபிரீட்ரிஷ் மாளிகையின் எடுத்துக்காட்டோ ஷேஃபருக்கு எதிராகவே பேசுகிறது. அந்தக் கட்டடம் பெருமளவு நின்றிருந்தது. இருந்தும் அதன் உள்ளறைகள் ஷேஃபரின் காலத்துக் கற்பனையாகவே அமைந்தன. அதைவிட மிகக் குறைவாக எஞ்சிய ஒட்ஹைன்ரிஷ் மாளிகையில் கற்பனையின் பங்கு இன்னும் பெரிதாகியிருக்கும். கோலினின் சிற்பங்கள் ஒரு புதுக்கட்டடத்தின் அலங்காரமாகச் சுருங்கியிருக்கும்.

திட்டம் கைவிடப்பட்டது. 1957 முதல் மாளிகையின் கீழ்ப்பகுதியில் ஜெர்மானிய மருந்தக அருங்காட்சியகம் இயங்குகிறது. மேல்தளங்கள் இன்றும் திறந்தே கிடக்கின்றன.