குரல் குடியிருந்த மண்டபம்

சென்னை சென்ட்ரல் நிலையத்திலிருந்து பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் மேற்கே நடப்போர் ரிப்பன் மாளிகையின் வெண்மையில் கண்ணைப் பறிகொடுப்பர். அதற்குச் சற்று முன்னரே செங்கற் சுவரும் கோபுரமுமாய் நிற்கும் விக்டோரியா பொது மண்டபத்தை ஏறெடுத்துப் பார்ப்போர் சிலரே.

நகர மக்கள் கூடுவதற்கென ஒரு மண்டபம் வேண்டும் என்ற வேட்கையில், பெருமக்கள் அளித்த நன்கொடையால் எழுந்த கட்டடம் இது. 1883இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. வடிவமைத்தவர் இராபர்ட் சிஸ்ஹோம். கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். 1887இல் நிகழ்ந்த அரசியாரின் ஆட்சிப் பொன்விழாவையொட்டி அவர் பெயர் சூட்டப்பெற்றது.

பெயர் அரசியாருடையதாயினும் உள்ளே ஒலித்தவை நம்மவர் குரல்களே. 1897ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுவாமி விவேகானந்தர் இங்கே உரையாற்றினார். 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், தம் நாடகங்களை இம்மேடையில் ஏற்றினார். நடிப்போரைக் ‘கூத்தாடி’ என்று இகழ்ந்த காலம் அது. வழக்கறிஞரும் கற்றோரும் அரிதாரம் பூசி இங்கே தோன்றியபோது, தமிழ் உரைநடை நாடகம் மதிப்புப் பெற்றது. அம்மாற்றத்தில் இம்மண்டபத்திற்கும் பங்குண்டு.

பின்னர்ச் சபை அண்ணாசாலைக்குக் குடிபெயர்ந்தது. மக்கள் திரைப்படக் கொட்டகைகளை நாடினர். மண்டபம் நின்ற நிலத்தின் 99 ஆண்டுக் குத்தகை 1985இல் முடிந்தது. அண்டையிலிருந்த மூர் மார்க்கெட் தீக்கிரையானதும் அதே ஆண்டில்தான். கேட்பாரின்றிக் கதவுகள் நெடுங்காலம் மூடிக்கிடந்தன. 2023இல் மாநகராட்சி சீரமைப்புப் பணியைத் தொடங்கியது.

செங்கல்லைச் செப்பனிடுவது நற்பணியே. ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. இதைப் பாழாக்கியது மழையும் வெயிலும் மட்டுமன்று, ஆளரவமற்ற வெறுமையுமாம். கூடுவதற்கென எழுந்த இல்லத்தைக் காட்சிப் பொருளாக மட்டும் காத்தால், உடலைப் பேணி உயிரை விட்டவராவோம்.

வாடகை அறைகளிலும் பள்ளி வகுப்புகளிலும் கூடிக் கவிதை வளர்க்கும் அன்பர்கள் இதன் அருமையை நன்குணர்வர். சிறு மன்றமும் கொடுக்கக்கூடிய கட்டணத்தில், மாதம் ஒரு மாலையேனும் அம்மேடை தமிழ் நாடகத்திற்கும் கவியரங்கிற்கும் கிடைக்க வேண்டும். நன்கொடை தந்து அதை எழுப்பியோர் விரும்பியதும் அதுவே. கேட்க வேண்டியது நம் கடன், கேட்போமாக.