பத்து பேர் வாசித்தார்கள், ஒருவர் எழுதிக்கொண்டார்: அயர்லாந்தின் கோடை இசைப் பள்ளிகள்

இன்னிக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஒரு வாத்தியத்தை வாசிக்கத் தெரிஞ்ச கடைசி ஆளும் இறந்துட்டார்னு வைங்க. ரெக்கார்டிங்கும் கிடையாது. அந்த இசையைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

அயர்லாந்துல இதே கேள்வி ரெண்டு வாத்தியங்களுக்கு வந்துது. ஒன்னு ஹார்ப். அந்த நாட்டு யூரோ நாணயத்துல இருக்கிற சின்னமே அதுதான். இன்னொன்னு இல்லன் பைப்ஸ். முழங்கைக்குக் கீழே ஒரு துருத்தியை வச்சு அமுக்கி வாசிக்கிற பைப். ஹார்ப்போட பழைய பரம்பரை அறுந்தே போச்சு. பைப்ஸ் நூலிழையில தப்பிச்சுது. இன்னிக்கு ரெண்டையுமே கோடைகாலப் பள்ளிகள்ல கத்துக்கலாம். ஆனா கத்துக்கிற விதம் ரொம்ப வேற.

1792, பெல்ஃபாஸ்ட்

1792 ஜூலையில பெல்ஃபாஸ்ட் நகரத்துல ஒரு கூட்டம் நடந்துது. பழைய ஹார்ப் கலைஞர்கள் ஒவ்வொருத்தரா இறந்துக்கிட்டு இருக்காங்க, மிச்சம் இருக்கிறவங்களையாவது ஒரே இடத்துல கேட்டுடணும்னு ஊர்ப் பெரியவங்க ஏற்பாடு பண்ணாங்க. அயர்லாந்துலேர்ந்து வந்தவங்க மொத்தமே பத்து பேர். அதுல பாதிக்கு மேல பார்வை இல்லாதவங்க. இது தற்செயல் இல்ல. அந்தக் காலத்துல பெரியம்மையில பார்வை போன குழந்தைகளுக்கு ஒரு பிழைப்பு வேணும்னு ஹார்ப் கத்துக்கொடுக்கிறது வழக்கம்.

அவங்க வாசிக்கிறதை எழுதிக்க எட்வர்ட் பன்டிங்னு 19 வயசுப் பையனை உட்கார வச்சாங்க. சர்ச்ல ஆர்கன் வாசிக்கிறவர். கேட்டதை அப்படியே எழுதணும், சொந்தமா எதையும் சேர்க்கக் கூடாதுங்கிறதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

வந்தவங்கள்ல ரொம்ப மூத்தவர் டெனிஸ் ஹெம்ப்சன். அப்போ அவருக்கு 97 வயசுன்னு சொல்றாங்க. மூணு வயசுல பெரியம்மையில பார்வை போனவர். வந்தவங்கள்ல அவர் ஒருத்தர்தான் பழைய முறைப்படி நீளமா வளர்த்த நகத்தால உலோகத் தந்தியை மீட்டினார். மத்தவங்க எல்லாரும் விரல் சதைக்கு மாறிட்டாங்க. அதாவது அந்தக் கூட்டத்துலயே பழைய முறை ஒரே ஒரு ஆள்கிட்டதான் மிச்சம் இருந்துது. 1702-ல செஞ்ச அவரோட ஹார்ப் இப்போ கின்னஸ் நிறுவனத்துகிட்ட இருக்கு.

பன்டிங் அதோட நிறுத்தல. பல வருஷம் ஊர் ஊராப் போய் மெட்டுகளைச் சேகரிச்சார். 1796, 1809, 1840-ன்னு மூணு தொகுப்பு வெளியிட்டார். ஆனா புத்தகத்தை வாங்கப்போறவங்க வீட்டுல இருந்தது பியானோ. அதனால மெட்டுகளைப் பியானோவுக்கு ஏத்த மாதிரி மாத்தி அச்சடிச்சார். ஹார்ப்போட மெட்டு பிழைச்சுது, வாசிக்கிற முறை புத்தகத்துல பெரும்பாலும் வரல.

இது ஏன் அவ்வளவு பெரிய இழப்பு? உலோகத் தந்தியை ஒரு தடவை மீட்டினா ரொம்ப நேரம் ஒலிச்சுக்கிட்டே இருக்கும். அடுத்த ஸ்வரம் வரும்போது முந்தினதும் கேட்கும். எதை ஒலிக்க விடணும், எதை எந்த விரலால எப்போ அடக்கணும்ங்கிறதுதான் அந்த வாத்தியத்தோட பாதி வித்தை. ஸ்வரக்குறிப்புல எப்போ மீட்டணும்னு இருக்கும், எப்போ அடக்கணும்னு இருக்காது.

1808-ல பெல்ஃபாஸ்ட்ல ஒரு சங்கம் அமைச்சு, பார்வை இல்லாத பையன்களுக்கு ஹார்ப் கத்துக்கொடுத்தாங்க. சொல்லிக்கொடுத்தவர் ஆர்தர் ஓ'நீல், 1792-ல வாசிச்சவங்கள்ல ஒருத்தர். சில வருஷத்துல பணம் இல்லாம அது நின்னுபோச்சு. 1819-ல மறுபடி ஆரம்பிச்சு 1839 வரைக்கும் ஓட்டினாங்க. இதுக்கு நடுவுல டப்ளின்ல ஜான் ஈகன்கிற கைவினைஞர், குடல் நரம்பு கட்டின சின்ன ஹார்ப்பை வரவேற்பறைக்கு ஏத்த மாதிரி செய்ய ஆரம்பிச்சார். இன்னிக்கு 'ஐரிஷ் ஹார்ப்'னு நாம பெரும்பாலும் பார்க்கிறது இந்த ஈகன் வழியில வந்ததுதான். ஹெம்ப்சன் வாசிச்சதோட பரம்பரை இல்ல.

பைப்ஸ் எப்படித் தப்பிச்சுது?

20-ஆம் நூற்றாண்டு நடுவுல இல்லன் பைப்ஸ் நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான். ஊர்கள்ல வீட்டுக்கு வீடு நடந்த நடனங்கள் 1935-ல வந்த நடன அரங்குச் சட்டத்துக்கு அப்புறம் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. 1968-ல பைப்ஸ் கலைஞர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பிச்சப்போ, வாசிக்கத் தெரிஞ்சவங்க நூறு பேர்கூட இல்ல.

ஆனா இங்க சங்கிலி அறுந்துபோகல. கிளேர் மாவட்டத்துல கேரட் பேரின்னு ஒரு பார்வையற்ற பைப்ஸ் கலைஞர் இருந்தார், 1899-ல இறந்தவர். அவர்கிட்ட கேட்டதை கில்பர்ட் கிளான்சி தன் மகனுக்குச் சொன்னார். அந்த மகன்தான் வில்லி கிளான்சி, தொழில்ல தச்சர். வில்லியை இன்னும் உலுக்கினது ஜானி டோரன். குதிரை வண்டியிலயே குடும்பத்தோட ஊர் ஊராச் சுத்தி, சந்தையில வாசிச்சுப் பிழைச்ச 'டிராவலர்' சமூகத்துக்காரர். அந்தச் சமூகத்தை அயர்லாந்து இன்னிக்கு வரைக்கும் ஒதுக்கித்தான் வச்சிருக்கு. 1947-ல அவர் வாசிப்பைத் தட்டுல பதிவு பண்ணாங்க. அடுத்த வருஷம் அவர் வண்டி மேல சுவர் இடிஞ்சு விழுந்து உடம்பு முடங்கிப்போச்சு. 1950-ல இறந்துட்டார். இப்போ பைப்ஸ் கத்துக்கிற யாரும் அந்தப் பதிவைக் கேட்காம இருக்க முடியாது.

1973 ஜனவரியில வில்லி கிளான்சி இறந்தார். அதே வருஷ ஜூலையில, அவர் ஊரான மில்டவுன் மால்பேயில அவர் பேர்ல கோடைப் பள்ளி தொடங்கிச்சு. ஏன் கோடை? பள்ளிக்கூடக் கட்டடங்கள் காலியா இருக்கும். சொல்லிக்கொடுக்கிறவங்கள்ல பலருக்கு வேற வேலை உண்டு, லீவ் போட முடியும். பிழைக்க வெளிநாடு போன பிள்ளைங்க ஊருக்கு வர்ற நேரமும் அதுதான்.

ஒரு வாரம், ஒரு வகுப்பறை

நான் அங்க ஒரு ஜூலையில டின் விசில் வகுப்புக்குப் போயிருந்தேன். ஆயிரத்துக்கும் மேல மாணவர்கள் வர்ற பள்ளி, ஆனா ஊர் சின்னது. எனக்கு இடப்பக்கம் ஒன்பது வயசுப் பொண்ணு, வலப்பக்கம் ரிட்டயர் ஆன ஒரு ஜெர்மன்காரர். டீச்சர் ஒரு சின்னத் துண்டு வாசிப்பாங்க, நாங்க திருப்பி வாசிக்கணும். அப்புறம் அடுத்த துண்டு. நோட்டு கிடையாது. ஒருத்தர் குறிப்பு எழுதித் தரச் சொல்லிக் கேட்டார். "முதல்ல காதுல ஏறட்டும், கடைசி நாள் தர்றேன்"னு சொல்லிட்டாங்க. அந்த ஒன்பது வயசுப் பொண்ணு எங்க எல்லாருக்கும் முன்னாடியே பிடிச்சுட்டா. சாயங்காலம் பப்ல அதே மெட்டை வேற ஒருத்தர் வேற மாதிரி வாசிச்சாரு. எது சரின்னு நான் மறுநாள் கேட்டேன். "ரெண்டும்தான், யார்கிட்ட கத்துக்கிட்டாங்கங்கிறதைப் பொறுத்தது"ன்னாங்க.

இப்போ ஹார்ப் பக்கம் வாங்க. 2002-ல ஷிவான் ஆம்ஸ்ட்ராங் வரலாற்று ஹார்ப் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷம் கில்கென்னியில பழைய ஹார்ப்புக்கான கோடைப் பள்ளி வந்துது. அங்க 'யார்கிட்ட கத்துக்கிட்டீங்க'ன்னு கேட்டா 1792-க்குப் போய் நிக்கிற பதில் யாருக்கும் கிடையாது. அருங்காட்சியக ஹார்ப்புகளை அளந்து செஞ்ச பிரதிகள் இருக்கு. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்துல இருக்கிற பன்டிங்கோட கையெழுத்துப் பிரதிகள் இருக்கு. 1840 புத்தகத்துல, தந்தியை மீட்டுறதுக்கும் அடக்குறதுக்கும் கலைஞர்கள் சொன்ன பேர்களை அவர் பட்டியல் போட்டிருக்கார். கூட்டம் நடந்து 48 வருஷம் கழிச்சு அச்சான அந்தப் பட்டியல்தான் இன்னிக்கு முக்கியமான ஆதாரம். மிச்சத்தை விரலால சோதிச்சுத்தான் கண்டுபிடிக்கணும்.

அப்போ முதல் கேள்விக்கு என் பதில் என்ன? வாத்தியத்தைத் திரும்பக் கொண்டுவரலாம், மெட்டைக் கொண்டுவரலாம். "ரெண்டும்தான்"னு தைரியமாச் சொல்ற ஒரு ஆளைக் கொண்டுவர முடியாது. கில்கென்னியில வாசிக்கிறவங்க தாங்க பண்றது ஊகம்னு ஒத்துக்கிட்டே வாசிக்கணும். அது நேர்மையான வேலைதான், ஆனா ரொம்பக் கஷ்டமான வேலை. இதுல என்னை உறுத்துற விஷயம் ஒன்னு இருக்கு. ரெண்டு இசையையும் சுமந்தவங்க பெரும்பாலும் பார்வையற்றவங்களும் வீடில்லாம சுத்தினவங்களும்தான். அவங்க கலையைச் சேகரிக்க ஆள் வந்தாங்க, ஆனா அவங்க கையால அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையான பணத்தை யாரும் தொடர்ந்து கொடுக்கல.

2017-ல இல்லன் பைப்ஸையும் 2019-ல ஐரிஷ் ஹார்ப்பையும் யுனெஸ்கோ தன் பட்டியல்ல சேர்த்துது. நேரம் கிடைச்சா ஜானி டோரனோட பதிவையும், உலோகத் தந்தி ஹார்ப் வாசிப்பு ஏதாவது ஒன்னையும் அடுத்தடுத்துக் கேளுங்க. உங்களுக்குத் தெரிஞ்சு, வாசிக்க ஒருத்தர் ரெண்டு பேர் மட்டும் மிச்சம் இருக்கிற வாத்தியம் ஏதாவது இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.